நாற்காலி எண்ணியவள்

ஜூன் 21

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருப்பீர்கள். விடுதிக்குப் போன மகன் வாரம் ஒரு தடவையாவது பேசுகிறானா?

இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள், போனில் பேசக் கூடாதா என்று கேட்பாய். போனில் நீ "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, கேஸ மூடினியா" என்று கேட்பாய். நான் எல்லாவற்றுக்கும் ஒரு "ம்" போடுவேன். அதற்குள் உங்கள் கம்பெனியில் சங்கு ஊதிவிடும், நீ உள்ளே ஓடிவிடுவாய். உன் அத்தான் போனதிலிருந்து நம் பேச்சு இப்படித்தான் போகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. ஆசிரியர் அறையில் எல்லாரும் என்னிடம் தணிந்த குரலில் பேசுகிறார்கள், காய்ச்சல்காரியிடம் பேசுவதுபோல. கணக்கு டீச்சர் மட்டும் பழையபடி என் நாற்காலியில் தன் பையை வைத்துவிட்டுப் போய்விடுகிறார். எனக்கு அதுதான் ஆறுதலாக இருக்கிறது. சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால், காலையில் நான் வைத்துவிட்டுப் போன டம்ளர் அதே இடத்தில் இருக்கிறது. முன்பெல்லாம் யாராவது எடுத்துக் கழுவி வைத்திருப்பார்கள். அந்த யாராவது அவர்தான் என்பது இப்போதுதான் உறைக்கிறது. அழுகைகூட வருவதில்லை, சலிப்புத்தான்.

ஒன்பதாம் வகுப்புக்கு இந்த வருடம் புதிதாக ஒரு கதை வைத்திருக்கிறார்கள். மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கும்போது, அவர் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லாததைப் பெண்ணின் அப்பா பார்த்துவிடுகிறார். அவ்வளவுதான், மனிதருக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. மண்டப மேலாளரைக் கேட்கிறார், போட்டோக்காரரைக் கேட்கிறார், சமையல் ஆட்களைக் கேட்கிறார். தன் சட்டையிலிருந்து பிய்த்துக் கொடுக்கலாம் என்றால் அது கறுப்பு. கடைசியில் தெருத்தெருவாக அலைந்து ஒரு வெள்ளைப் பொத்தானை வாங்கிக்கொண்டு வருகிறார். மண்டபம் காலி. கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கிறார்கள். மகள் காரில் ஏறிப் போய்விட்டாள். கதை முடிந்தது.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கையேட்டில் இதற்கு ஒரு விடை போட்டிருக்கிறது: "ஒன்றையே பார்ப்பவன் மற்றதையெல்லாம் இழக்கிறான். குறுகிய நோக்கு கூடாது." அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன், எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். பாடம் நடத்தும்போது உன் நினைவு வந்தது. ஏன் என்று உனக்கே தெரியும்.

காலியாக இருக்கும் உன் மகன் அறைக்கு என்னை வந்துவிடச் சொன்னாய். இந்த வீட்டை விட்டுவிட்டு, உங்கள் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிடு என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்குத்தான் இன்னும் மனசு வரவில்லை. கொஞ்சம் பொறு.

உன் அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். மகன் பேசுகிறான், காசு தீர்ந்தால். நீ மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா என்பதை எழுதவே இல்லை. கேஸ் விஷயமும் எழுதவில்லை.

கதையை இரண்டு தடவை படித்தேன். எனக்கு அந்த அப்பாமேல் ஒரு தப்பும் தெரியவில்லை. இத்தனை வருடமாகச் செக்கிங் மேஜையில் நிற்கிறவள் சொல்கிறேன், பொத்தான் இல்லாத சட்டை என் கையைத் தாண்டிப் போகாது. மாப்பிள்ளை வீட்டில் ஒருத்தருக்கும் கண் இல்லையா? ஒற்றை நூலில் தைத்திருப்பான். அந்தத் தையலில் நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் கையோடு வந்துவிடும். அதற்குத்தான் நாங்கள் ஒவ்வொன்றையும் உள்பக்கம் திருப்பிப் பார்க்கிறோம். பாடம் நடத்தும்போது என் நினைவு வந்தது என்று எழுதியிருந்தாய். பொத்தான் என்றால் என் நினைவு வராமல் வேறு யார் நினைவு வரும்? உன் வரியை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன், அவரும் அதைச் சொல்லித்தான் சிரித்தார்.

புது ஆர்டர் வந்திருக்கிறது, குழந்தைச் சட்டை. சின்னச் சின்னக் காலர். காலையிலிருந்து சாயங்காலம்வரை கழுத்தாகப் பார்க்கிறேன், ஒன்றுக்கும் முகம் கிடையாது. வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டால், செய்தி வாசிக்கிறவரின் காலர் கோணலாக இருக்கிறதா என்றுதான் கண் போகிறது. செய்தி காதில் ஏறுவதில்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பேர் வைத்திருக்கிறார்கள். என் காதுபடவே சொல்கிறார்கள், அவ்வளவு மரியாதை.

அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. ஜன்னல் கொண்டி சரியாக விழவில்லை, மாற்றச் சொல்லியிருக்கிறேன். உன் கட்டிலின் நீள அகலம் எழுதி அனுப்பு. வாசல் வழியாக நுழையுமா என்று இப்போதே பார்த்துவிட்டால் அன்றைக்கு அல்லாட வேண்டாம்.

உன் சின்னவள்

பி.கு: மாத்திரை.


ஜூலை 9

சின்னவளுக்கு,

கட்டில் அளவு கேட்டிருந்தாய். அனுப்பப் போவதில்லை.

இதை எழுதாமலே இருந்துவிடலாம் என்று பொறுத்துப் பார்த்தேன். ஜாடையாக எழுதினால் புரிந்துகொள்வாய் என்றும் பார்த்தேன். நீ பொத்தானுக்கு நூல் ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருக்கிறாய். ஆகவே நேராகவே எழுதுகிறேன்.

அவரைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியிருந்த அன்று நீ என்ன செய்தாய் என்று நினைவிருக்கிறதா? நாற்காலி எண்ணினாய். வாடகைக்குக் கொண்டுவந்து இறக்கியதில் இரண்டுக்குக் கால் விரிசல் விட்டிருக்கிறது என்று வாசலில் நின்று அந்த ஆளோடு மல்லுக்கு நின்றாய். நீ பேசியது எனக்கு உள்ளே கேட்டது. "உடைஞ்சதக் கொண்டாந்து எறக்கினா, வர்றவங்க விழுந்து வெக்க மாட்டாங்களாங்க? மொதல்ல மாத்திக் குடுங்க." அவர் அங்கே கிடக்கிறார், நீ நாற்காலிக் காலுக்காக வழக்காடுகிறாய்.

கதவுப் பக்கம் நிழல் ஆடும்போதெல்லாம், நீயாக இருக்கும் என்று தலையைத் தூக்கிப் பார்த்தேன். பல தடவை நீயாகவும் இருந்தாய். வந்து மின்விசிறியைப் பார்த்தாய். பாயின் ஓரம் மடங்கியிருந்ததை நீவிவிட்டாய். தண்ணீர் கேனைத் தூக்கி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாய். டம்ளர் போதுமா என்று பக்கத்து வீட்டம்மாவிடம் கேட்டாய். என் பக்கம் திரும்பவே இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்து ஆயா வந்து என் முதுகைத் தடவிக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். அவள் யார், நான் யார். என் கூடப் பிறந்தவளுக்கு ஒரு நிமிடம் உட்கார நேரமில்லை.

அத்தான் அத்தான் என்று அவரையே சுற்றி வந்தவள் நீ. உனக்குப் பிரசவ வலி எடுத்தபோது உன் வீட்டுக்காரர் வந்துசேரும்வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவர் அவர். அவருக்காகக்கூட நீ அன்றைக்கு நிற்கவில்லை.

அந்தக் கதையில் வரும் அப்பா நீதான். அதனால்தான் உன் நினைவு வந்தது. நான் நொறுங்கிக் கிடக்கிற ஒரு நாளில், நீ ஜன்னல் கொண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். மாற்றலுக்கு எழுதிப் போடவில்லை, போடப்போவதும் இல்லை. இனி அதைப் பற்றிக் கேட்காதே.

அக்கா


ஜூலை 20

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆர்டர் அனுப்ப வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் வேலை. முடிந்ததும் எழுதுகிறேன்.

கொண்டி மாற்றியாயிற்று.

சின்னவள்


ஆகஸ்ட் 30

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் ஆர்டர் இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. பரவாயில்லை. பதில் வராமலே நான் இன்னொன்று எழுதுகிறேன். ரோஷம் பார்க்கும் தெம்பெல்லாம் போய்விட்டது.

வகுப்பில் ஒன்று நடந்தது, அதை உனக்குச் சொல்ல வேண்டும். மாதத் தேர்வில் அந்தக் கதையிலிருந்து, தந்தையின் குணத்தை விளக்குக என்று கேட்டிருந்தேன். எல்லாரும் கரும்பலகையில் போட்டதை அப்படியே ஒப்பித்திருந்தார்கள். ஒருத்தி மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள். வகுப்பில் அவளுக்கு வாயாடி என்று பேர். "மகளைப் பார்த்தால் அவருக்கு அழுகை வந்துவிடும், அதனால்தான் பொத்தானைப் பார்த்தார்" என்பது அவள் விடை. கையேட்டில் அப்படி இல்லை. சிவப்பில் ஒரு சுழி போட்டு அனுப்பிவிட்டேன்.

தாளைத் திருப்பிக் கொடுத்ததும் எழுந்து நின்றுவிட்டாள். "கதையில அவரு அழலன்னுதானே இருக்கு, டீச்சர்? அழலன்னா அழுகையே இல்லன்னு அர்த்தமா?"

அவளோடு பேசிப் பேசி எனக்குத் தொண்டை வற்றியதுதான் மிச்சம். சரி, நம் பழைய வழிக்கே போவோம் என்று வரிசைக்கு ஓர் ஆளாகப் பிரித்துக் கொடுத்தேன். நான் வகுப்பெடுக்கும் விதம்தான் உனக்குத் தெரியுமே. ஒவ்வொரு வரிசையும் கதையில் ஓர் ஆளாக மாறிவிட வேண்டும், அந்த ஆள் கண்ணில் பட்டதை மட்டும் சொல்ல வேண்டும். முதல் வரிசைக்கு மாப்பிள்ளை, அடுத்ததற்குப் போட்டோக்காரர், அதற்கடுத்துச் சமையல் ஆட்கள். கடைசி வரிசை எப்போதும் தூங்கி வழிகிற கூட்டம். கல்யாணப் பெண்ணுக்குக் கதையில் ஒரு வரிகூடப் பேச்சில்லை, வேலை குறைச்சல் என்று அவளை அவர்கள் தலையில் கட்டிவிட்டேன்.

மாப்பிள்ளைக்குத் தன் பொத்தான் போனதே தெரியாதாம். போட்டோக்காரர், எல்லாப் படத்திலும் அப்பா நிற்க வேண்டிய இடம் ஓட்டையாக இருந்தது, அதை அடைக்க ஒரு மாமாவைப் பிடித்து நிறுத்தினேன் என்றார். சமையல்காரர் தன் கரண்டியைக் காணோம் என்று புதுக்கதை கட்டினார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன், ரொம்ப நாள் கழித்து.

கடைசி வரிசையில் ஒருவன் கொட்டாவியை அடக்கிக்கொண்டு எழுந்தான். "நான்தான் பொண்ணு. மேடையிலேருந்து எங்கப்பாவையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். அவரு என்னப் பாக்கவே இல்ல. வேற எதுவும் எனக்கு ஞாபகம் இல்ல. யாரு வந்தா, யாரு என்ன குடுத்தா, ஒண்ணும் தெரியாது. அப்பா என்னப் பாக்கல, அவ்வளவுதான்."

வாயாடி விடுவாளா? "அப்ப நீயும்தான் ஒண்ணையே பாத்துக்கிட்டு இருந்திருக்க. கூப்பிட வேண்டியதுதானே?"

"கல்யாணப் பொண்ணு எப்படிக் கத்துறது?"

"கத்த வேணாம். போட்டோக்காரர்கிட்ட சொல்லி வரச் சொல்லலாம்ல?"

"அதெல்லாம் முடியாது. அவராத்தான் வரணும்."

"நீ பாக்குறேன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்த ஆரம்பித்துவிட்டது. கணக்கு டீச்சர் எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், சந்தைக்கடையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் உட்கார்ந்துவிட்டேன். அவராத்தான் வரணும் என்று அந்தப் பையன் சொன்னது, நான் சொன்னது போலவே இருந்தது.

அன்றைக்குக் கூடத்தில் நான் உன்னை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. சின்னவளே என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் நீ வந்திருப்பாய். நீயாக வர வேண்டும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொன்றும் உண்டு, இதை யாரிடமும் சொன்னதில்லை. நான் அவரையே சரியாகப் பார்க்கவில்லை. அவர் இந்த வீட்டில் இருந்த கடைசிப் பொழுதை, நீ என்னைப் பார்க்கிறாயா என்று பார்ப்பதிலேயே விட்டுவிட்டேன். உன்னைக் குறுகிய நோக்கு என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

வாயாடியின் தாளை வாங்கிச் சுழியை அடித்துவிட்டு மதிப்பெண் போட்டேன். அவள் சொன்னதுதான் சரி என்று இப்போது தோன்றுகிறது. அழுகையை அடக்கத்தான் நீ நாற்காலி எண்ணினாய். என் முகத்தைப் பார்த்தால் உடைந்துவிடுவாய் என்றுதான் மின்விசிறியைப் பார்த்தாய். அது தெரியாமல் உன்மேல் அப்படிப் பாய்ந்துவிட்டேன். அப்படித்தானே? ஆமாம் என்று ஒரு வரி எழுது, போதும். மாற்றலுக்கு உடனே எழுதிப் போடுகிறேன்.

உன் அக்கா


செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

ஆர்டர் போய் வெகுநாளாகிறது. எழுதாததற்கு அது காரணமில்லை. எழுத உட்கார்ந்தால் பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்க்கிறேன், மேஜையைத் துடைக்கிறேன், எழுந்துவிடுகிறேன்.

உன் வகுப்புப் பிள்ளைகள் என்னை ரொம்ப நல்லவளாக்கிவிட்டார்கள். ஆமாம் அக்கா என்று எழுதினால் நீ வந்துவிடுவாய். அப்படி ஒரு கடிதம் எழுதியும் முடித்தேன். வீட்டுக்காரர் வாங்கிப் படித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நீ எழுதின மாதிரி இல்லையே" என்றார். கிழித்துப் போட்டுவிட்டேன்.

உள்ளதைச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. வந்து அடக்கவும் இல்லை. நாற்காலிக்குக் கால் விரிசல் விட்டிருந்தது, அதைப் பார்த்தேன். அதை மாற்றி முடிப்பதற்குள் டம்ளர் குறைந்தது, அதைப் பார்த்தேன். ஒன்றைச் சரி பண்ணினால் அடுத்தது கண்ணில் பட்டது. அத்தான் முகத்தைப் பார்த்தேனா என்று இப்போது யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். சட்டைதான் நினைவு வருகிறது. மணிக்கட்டில் இடது கைப் பட்டி உள்பக்கமாக மடங்கிக் கிடந்தது. யாரும் பார்க்காதபோது இழுத்து நேராக்கி, சுருக்கத்தை விரலால் நீவிவிட்டேன். முகம் எனக்கு நினைவில்லை.

நீ என்னைத் தேடினாய் என்பது சத்தியமாக எனக்குத் தெரியாது. உன்னைச் சுற்றி அத்தனை பேர் இருந்தார்கள், உனக்குத் துணைக்குக் குறைவில்லை, வேலைக்குத்தான் ஆளில்லை என்று நினைத்துக்கொண்டேன். நீ கோபமாக எழுதிய கடிதம் வந்த அன்றுதான் அழுதேன். கம்பெனிக் கழிப்பறையில், தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு. அது அத்தானுக்கா, உனக்கா, எனக்கா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

நான் எதற்குள்ளேயும் ஒளிந்துகொள்ளவில்லை, அக்கா. என் கண்ணுக்கு இவ்வளவுதான் தெரிகிறது. நீ இங்கே வந்தாலும் இதே நான்தான் இருப்பேன். நீ படுத்து அழுதுகொண்டிருப்பாய், உன் தலையணை உறையில் தையல் விட்டிருப்பதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். கூப்பிட்டால் வந்து உட்காருவேன். கூப்பிடாவிட்டால் எனக்குத் தெரியாது. அதை மனசில் வைத்துக்கொண்டு முடிவு செய். நீ வரவில்லை என்றாலும் நான் கோபிக்க மாட்டேன், வருத்தமாகத்தான் இருக்கும்.

உன் சின்னவள்


செப்டம்பர் 22

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகையாக இருந்தது அக்கா என்று ஒரு பொய் சொன்னால் உனக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? நானும் நம்பியிருப்பேன், இரண்டு பேருக்கும் வேலை மிச்சம். அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை. மறுநாள் வகுப்பில் வாயாடி, "என்ன டீச்சர், ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். உன் விடை எங்கள் வீட்டுக்குப் பொருந்தவில்லையம்மா என்று அவளிடம் சொல்ல முடியுமா? ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்தைத் திருப்பச் சொன்னேன். கதையில் வரும் அப்பாவுக்கு அது சரியாகவே இருக்கட்டும்.

பிள்ளைகள் சொன்ன சின்னவளை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அழுகையை உள்ளே வைத்துக்கொண்டு ஓடி ஓடி வேலை பார்க்கிறவள். ஆனால் நான் அவளோடு வளரவில்லை. உன்னோடுதான் வளர்ந்தேன்.

அப்புறம் அந்தக் கைப் பட்டி. அவர் சட்டை கசங்கி ஒரு நாளும் வெளியே போனதில்லை, உனக்குத் தெரியும். வாசல்படி இறங்குமுன் இரண்டு கையையும் நீட்டி என்னிடம் காட்டிவிட்டுத்தான் போவார். அன்றைக்கு நான் அதைப் பார்க்கவில்லை. அத்தனை பேர் அவரைச் சுற்றி அழுதுகொண்டிருந்தோம், ஒருவர் கண்ணிலும் படவில்லை. நீ பார்த்திருக்கிறாய். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் நான் அழுதேன், அவர் போன நாளுக்கு அப்புறம் முதல் தடவையாக நன்றாக அழுதேன்.

நிரந்தரமாக வந்துவிடுவது பற்றி இப்போது வாக்குக் கொடுக்க முடியாது. களைத்துப்போயிருக்கிறேன், பெரிய முடிவெல்லாம் எடுக்கத் திராணி இல்லை. காலாண்டு விடுமுறைக்கு வருகிறேன். இந்த வீடு பூட்டி அப்படியே இருக்கட்டும். ஒத்துவந்தால் பார்ப்போம். ஒத்துவராவிட்டால் திரும்பிவிடுவேன், நீ வழிமறிக்கக் கூடாது.

சனிக்கிழமை காலைப் பேருந்தில் வருகிறேன். நிலையத்துக்கு வந்துவிடு. நான் இறங்கியதும் நீ முதலில் பெட்டிச் சக்கரம் உடைந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பாய். பார்த்துக்கொள், எனக்கு அவசரமில்லை. பார்த்து முடித்ததும் நான் உன்னைக் கூப்பிடுவேன்.

உன் அக்கா